வலிப்பு நோய் ஆய்வுக்கு நிதி வழங்கும் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேர் வலிப்பு நோயுடன் வாழ்வதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்கு மருந்துகளால் வலிப்பு கட்டுப்படுவதில்லை. புதிய மருந்துகள் பல வந்த பின்னும் இந்நிலை பெரிதாக மாறாததற்கு, அவற்றை எந்தத் திசுவில் சோதிக்கிறோம் என்பதும் ஒரு காரணம் என்று கருதுவதால் இம்மடலை எழுதுகிறேன்.

உங்களிடம் வரும் விண்ணப்பங்களில் அடிக்கடி காணப்படும் முறை இது: நலமான எலியின் மூளையில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியை 300 முதல் 400 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள சீவல்களாக வெட்டி, சீவலைச் சூழ்ந்தோடும் கரைசலில் மக்னீசியத்தை நீக்குவார்கள், அல்லது நரம்பணுக்களை எளிதில் தூண்டும் 4-அமினோபிரிடின் என்ற வேதிப்பொருளைச் சேர்ப்பார்கள். சிறிது நேரத்தில் வலிப்பை ஒத்த மின்னலைகள் எழும். ஒரு நாளில் முடிவு தெரியும், செலவும் குறைவு. நானும் பல ஆண்டுகள் இதைச் செய்தவன்தான். ஆயினும் அது வேதிப்பொருளால் தூண்டப்பட்ட நலமான திசுவே அன்றி, வலிப்பு நோய் கண்ட திசு அன்று. இந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: லெவெடிராசெட்டம் என்ற வலிப்பு மருந்து, நலமான விலங்குகளில் திடீர் வலிப்பைத் தூண்டும் இரு வழக்கமான சோதனைகளில் பயன் காட்டவில்லை. மீண்டும் மீண்டும் தூண்டி மெல்ல மெல்ல வலிப்புக்கு ஆளாக்கிய விலங்குகளில்தான் அதன் ஆற்றல் வெளிப்பட்டது. வழக்கமான அச்சோதனைகள் மட்டுமே இருந்திருந்தால், இன்று உலகெங்கும் பயன்படும் அம்மருந்தை இழந்திருப்போம்.

தானாகவே வலிப்பை உண்டாக்கும் திசு கிடைக்காத பொருள் அன்று. எலிக்குட்டியின் ஹிப்போகாம்பஸ் சீவலைச் சவ்வின் மீது வாரக்கணக்கில் வளர்க்கும் முறை 1991 முதல் உள்ளது. வெட்டுக்காயத்தால் அறுந்த இணைப்புகள் புதிதாகக் கிளைப்பதால், எந்த வேதிப்பொருளும் சேர்க்காமலேயே அதில் வலிப்பலைகள் தோன்றுகின்றன. வலிப்பு நோயாளிகளிடமிருந்து அறுவை சிகிச்சையில் அகற்றப்படும் மனித மூளைத் திசு இன்னும் அரியது. 2002இல் அத்தகைய சீவல்களை ஆராய்ந்தவர்கள், வலிப்புகளுக்கு இடையே தோன்றுவதை ஒத்த அலைகள் ஹிப்போகாம்பஸை ஒட்டிய சபிகுலம் பகுதியில் தாமாகவே எழுவதையும், நரம்பணுக்களை அடக்க வேண்டிய காபா என்ற மூளை வேதிப்பொருள் அங்குள்ள சில நரம்பணுக்களைத் தூண்டுவதையும் கண்டனர். இதை நலமான எலிச் சீவலில் எதிர்பார்க்க முடியாது.

குறைகளும் உண்டு. ஒப்பிட்டுப் பார்க்க நலமான மனிதத் திசு கிடைப்பது மிக அரிது; கிடைக்கும் திசுவோ பல ஆண்டுகள் மருந்துண்டவர்களுடையது. குருத்தணுக்களிலிருந்து (ஸ்டெம் செல்) ஆய்வகத்தில் வளர்க்கும் சிறு மூளை உருமாதிரிகள் நோயாளியின் மரபணுவையே தாங்கி நிற்பவை என்றாலும், வளர்ச்சியில் கருவின் மூளையையே ஒத்தவை. பொதுவாக அவற்றில் இரத்த நாளங்களும் இல்லை.

எனவே, வலிப்பை எவ்வாறு தோற்றுவிக்கிறார்கள் என்பதையும் அம்முறை எந்த நோயாளிகளைக் குறிக்கிறது என்பதையும் விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே எழுதச் சொல்லுங்கள். தானாக வலிப்பு எழும் ஒரு திசுவிலேனும் மருந்தைச் சோதிக்கத் தனி நிதி ஒதுக்குங்கள். நோயாளியின் ஒப்புதலுடன் பெறும் திசுவைக் குளிர்ந்த, ஆக்சிஜன் ஏற்றிய கரைசலில் அறுவை அரங்கிலிருந்து ஆய்வகத்துக்கு உடனே கொண்டுசெல்ல ஓர் ஊழியரின் சம்பளத்தையும் திட்டச் செலவாக ஏற்றுக்கொள்ளுங்கள். இப்போது அந்த ஒருவர் இல்லாததாலேயே பல திசுக்கள் வீணாகின்றன.

இப்படிக்கு,
திசுச் சீவல்களோடு பணிபுரியும் ஓர் ஆய்வாளர்