வெள்ளைச் சட்டை

திருப்பதி

சிரஞ்சீவி தம்பிக்கு,

அப்பாவின் ஆசிகள். இரண்டு மாதமாக எப்போது போன் செய்தாலும் "பேஷன்ட் இருக்கிறார் அப்பா" என்று வைத்துவிடுகிறாய். பேஷன்ட் வருவது நல்லதுதான். ஒரே தடவையாக ஆறு வெள்ளைச் சட்டை தைக்கக் கொடுத்திருப்பதாக அம்மா சொன்னாள். வெயிலுக்கு நல்லது. இருட்டியபின் வண்டி எடுக்காதே.

ஆந்திர முதல்வராக இருந்த ஒய்.எஸ். ராஜசேகர ரெட்டியும் உன்னைப் போல டாக்டர்தான். குல்பர்காவில் எம்.பி.பி.எஸ்., நம் ஊர் எஸ்.வி. கல்லூரியில் ஹவுஸ் சர்ஜன், பிறகு ஜம்மலமடுகு மிஷன் ஆஸ்பத்திரி. 1973இல் புலிவெந்துலாவில் 70 படுக்கையோடு சொந்த ஆஸ்பத்திரி. ஒரு ரூபாய் டாக்டர் என்று ஜனங்கள் கொண்டாடினார்கள். 1978இல் எம்.எல்.ஏ. அதன்பின் யார் நாடியைப் பிடித்தார்? அவருக்குப் பின்னால் ராஜா ரெட்டி என்ற அப்பா இருந்தார். அந்த அப்பாவை 1998இல் குண்டு வீசிக் கொன்றார்கள். உனக்குப் பின்னால் இருப்பது ஜவுளிக்கடைக் கணக்குப்பிள்ளை. இருட்டியபின் வண்டி எடுக்காதே.

2003 கோடையில் அவர் செவெள்ளவிலிருந்து இச்சாபுரம் வரை, ஏறக்குறைய 1,500 கி.மீ. நடந்தாரே, அதைக்கூட நாடகம் என்றேன். முதல்வரானதும் இலவச மின்சாரத்துக்கு முதல் கையெழுத்துப் போட்டபோது, கஜானாவைத் துடைத்துவிடுவார் என்று வாசலில் உட்கார்ந்து ஏசினேன். நீயும் கேட்டிருக்கிறாய்.

2008இல் எனக்கு பைபாஸ் நடந்தது அவர் ஏழைகளுக்குக் கொண்டுவந்த ஆரோக்யஸ்ரீ இலவச சிகிச்சைத் திட்டத்தில்தான், தம்பி. சீட்டுப் பணம் எடுத்தேன் என்று உன்னிடம் சொன்னது பொய். அதற்கு ஏழைகளுக்குக் கொடுக்கும் வெள்ளை ரேஷன் கார்டு வேண்டும். நமக்கு அதை வாங்கத் தகுதி கிடையாது. வருமானத்தைக் குறைத்து எழுதி வாங்கினேன். முப்பது வருஷம் ஒரு பைசா பிசகாமல் பேரேடு எழுதிய கை அது. தொடாமல் வைத்திருந்த சீட்டுப் பணம்தான் உன் மெடிக்கல் சீட்டுக்குப் போனது. 2009 செப்டம்பரில் நல்லமலைக் காட்டில் ஹெலிகாப்டர் விழுந்து அவர் போனபோது நான் அழுதேன். "ஏசின ஆளுக்கா அழுகிறீர்கள்?" என்று கேட்டாய். குளிக்கப் போய்விட்டேன்.

உன் கைராசியைப் பற்றி இங்கே பஸ் ஸ்டாண்டில்கூடப் பேசுகிறார்கள். அம்மாவுக்குச் சர்க்கரை பரவாயில்லை. என் ரத்தப் பரிசோதனைச் சீட்டோடு திங்கட்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். கிளினிக் திறந்திருக்கும்தானே?

அப்பா