செயலாளரின் ஆண்டறிக்கை: இரவல் கருவிகளில் படிந்த கறைகள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் நம் புகைப்படச் சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்களும் உறுப்பினர் சேர்க்கையும் வழக்கம்போல் நடைபெற்றன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே படிப்பார். வீட்டில் ஃபிலிம் கழுவும் இருட்டறை வைத்திருக்கும் உறுப்பினர்களுக்குச் சங்கம் இரவலாகத் தரும் டாங்க் (ஃபிலிம் கழுவும் மூடிய பாத்திரம்), ரீல் (அதற்குள் ஃபிலிமைச் சுற்றி வைக்கும் சுருள் சட்டம்), ட்ரே, அளவுக்குவளை ஆகியவை கறையோடு திரும்பி வருவது பற்றியே செயற்குழு இவ்வாண்டு அதிகம் பேசியது என்பதால், அறிக்கையின் பெரும்பகுதியை அதற்கே ஒதுக்குகிறேன்.

வந்த புகார்களில் பெரும்பாலானவை பழுப்புக் கறையைப் பற்றியவை. ஃபிலிமில் படத்தை வெளிக்கொணரும் கரைசலான டெவலப்பரில் உள்ள ஹைட்ரோகுயினோன் போன்ற பொருள்கள் காற்றுப்பட்டு ஆக்ஸிஜனேற்றம் அடையும்போது பழுப்பாக மாறிப் பிளாஸ்டிக்கில் ஊறிவிடுகின்றன. இது கண்ணுக்கு அழுக்காகத் தெரிந்தாலும், நன்றாக அலசிய பாத்திரத்தில் அடுத்த ஃபிலிமுக்கு எந்தக் கெடுதலும் செய்வதில்லை. வெந்நீரில் சலவைச் சோடா கரைத்து இரவு முழுவதும் ஊறவைத்தால் கறை ஓரளவு வெளுக்கும். முழுவதும் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கத் தேவையில்லை. கம்பி நாரும் தேய்ப்புப் பொடியும் கொண்டு தேய்க்க வேண்டாம் என்று செயற்குழு கேட்டுக்கொள்கிறது. ஏனெனில் அவை உண்டாக்கும் கீறல்களில்தான் அடுத்த கறை இன்னும் ஆழமாகப் போய் உட்காருகிறது.

வெள்ளைப் படிவு என்பது பெரும்பாலும் கடின நீரின் சுண்ணாம்புதான். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் சுமார் 50 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து ஊற்றி வைத்தால் அது நுரைத்துக் கரைந்துவிடும். வீட்டு வினிகரும் உதவும். படத்தை நிலைநிறுத்தும் கரைசலான ஃபிக்சர் காய்ந்து படிந்த வெள்ளை உப்பாக இருந்தால் வெறும் தண்ணீரிலேயே போய்விடும் என்பதால், முதலில் தண்ணீரில் ஊறவைத்துப் பார்ப்பது நல்லது.

சாம்பலும் கறுப்புமாகச் சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய ஏடு வெள்ளிப் படிவு. ஃபிலிமிலிருந்து டெவலப்பரில் கரைந்த வெள்ளி மீண்டும் உலோகமாகப் படிவதால் உண்டாகும் இதைச் சோடாவும் சிட்ரிக் அமிலமும் அசைப்பதில்லை. ஒரு லிட்டர் நீரில் 2 கிராம் பொட்டாசியம் பர்மாங்கனேட்டும் 4 மில்லிலிட்டர் அடர் கந்தக அமிலமும் சேர்த்த கரைசலைச் சில நிமிடங்கள் நிறுத்தி, கொட்டி அலசி, அது விட்டுச்செல்லும் புதிய பழுப்பைச் சோடியம் பைசல்பைட் கரைசலால் நீக்குவதே பலரும் கையாளும் பழைய முறை. அமிலத்தை நீரில் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டுமேயன்றி, நீரை அமிலத்தில் ஒருபோதும் ஊற்றலாகாது. கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் அணிந்து, சன்னலைத் திறந்துவைத்தே செய்ய வேண்டும். பழைய குறிப்புகளில் காணும் பொட்டாசியம் டைகுரோமேட் கரைசல் இதைவிடத் திறம்பட வெளுக்கும் என்பதை மறுக்கவில்லை. ஆயினும் அதிலுள்ள குரோமியம் புற்றுநோய் விளைவிக்கக் கூடியது, சாக்கடையில் விடத் தகாதது என்பதால், சங்கக் கருவிகளுக்கு அதைப் பயன்படுத்துவதில்லை எனச் செயற்குழு ஒருமனதாகத் தீர்மானித்தது.

வீட்டு ப்ளீச் பற்றிக் கருத்து வேறுபாடு இருந்தது. அது பழுப்பை நன்றாகவே வெளுக்கிறது. ஆனால் டெவலப்பரின் வேலையை நிறுத்தும் ஸ்டாப் பாத் போன்ற அமிலத்தோடு கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். எவர்சில்வர் ரீல்களைப் புள்ளி புள்ளியாக அரிக்கும். அலசாமல் விட்ட சொட்டுகள் அடுத்த டெவலப்பரைக் கெடுக்கும். ஆகவே சங்கக் கருவிகளில் அதற்கும் இடமில்லை.

பிளாஸ்டிக் ரீல்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ஃபிலிம் பாதி ஏறியதும் சிக்கிக்கொள்கிறது என்று திருப்பித் தரப்பட்ட ரீல்களைப் பிரித்துப் பார்த்தபோது, பள்ளங்களில் ஃபிலிமின் ஜெலட்டினும், நீர்த்திட்டு விழாமல் காய்வதற்காகக் கடைசியில் முக்கும் ஈரமூட்டும் திரவமும் பிசினாக இறுகி, ஃபிலிமைப் பிடிக்கும் சிறு எஃகுக் குண்டுகள் உருளாமல் ஒட்டிக்கிடந்தன. சோடா நீரில் ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் பள்ளம் பள்ளமாகத் தேய்த்து, குண்டு தானாக உருளும் ஓசை கேட்கும்வரை அலசியதும் அவை புதிதுபோல் வேலை செய்தன. இனி ஈரமூட்டும் திரவத்தில் ரீலை முக்காமல், ஃபிலிமை மட்டும் கழற்றி வேறு கிண்ணத்தில் முக்குமாறு வேண்டுகிறேன்.

கறையைப் பற்றி வந்த புகார்களில் ஒன்றுகூடக் கண்ணுக்குத் தெரியாத ஃபிக்சரைப் பற்றியதாக இல்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். பளிச்சென்று இருக்கும் குவளையில் தங்கிய சிறிது ஃபிக்சர் டெவலப்பரில் கலந்தால், நெகட்டிவில் ஒளி பட்டுத் திரும்பும்போது பச்சை மஞ்சளாகவும், ஊடுருவும்போது இளஞ்சிவப்பாகவும் தெரியும் மூட்டம் விழக்கூடும். பழுப்பேறிய குவளை அப்படி எதையும் செய்யாது. எனவே டெவலப்பர் குவளைகளுக்கு நீலப் பட்டையும், ஃபிக்சர் குவளைகளுக்குச் சிவப்புப் பட்டையும் ஒட்டப்பட்டுள்ளன. இவற்றை மாற்றிப் பயன்படுத்தக் கூடாது. வேலை முடிந்தவுடன், ஈரம் காய்வதற்குள் அலசிவிட்டால் மேற்சொன்ன எந்த மருந்துக்கும் அநேகமாக வேலை இராது.

முடிவாகாமல் நிற்பது, கரைசல்களை வைக்கும், காற்றை வெளியேற்ற அமுக்கி மடிக்கக்கூடிய மடிப்பு பாட்டில்களின் விவகாரம். மடிப்புகளுக்குள் தூரிகை எட்டாததால் அவற்றைக் கழித்துவிட்டு, கழுத்துவரை நிரப்பக்கூடிய சிறிய கண்ணாடிப் பாட்டில்களை வாங்கலாம் என்று ஒரு சாராரும், செலவு கருதி அவற்றை ஃபிக்சருக்கு மட்டும் ஒதுக்கலாம் என்று பொருளாளரும் கருதுகிறார்கள். என் எண்ணம் முன்னதன் பக்கமே. இவ்விரண்டையும் பொதுக்குழுவின் வாக்கெடுப்புக்கு முன்வைக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்