யானைச் சின்னத்துக்கு வேறு ஆள்

அன்புள்ள மகளுக்கு,

ஜனாதிபதி வேட்பாளர் இடையில் இறந்துவிட்டால் அமெரிக்காவில் தேர்தலை நிறுத்துவார்களா என்று கேட்டிருந்தாய். நிறுத்த மாட்டார்கள். வேறொருவரைக் கட்சியே நியமிக்கும். குடியரசுக் கட்சியில் தேசியக் குழுவின் 168 பேர் வாக்களித்து முடிவெடுக்கலாம், அல்லது மாநாட்டையே மறுபடி கூட்டலாம். ஜனநாயகக் கட்சியிலும் பொறுப்பு தேசியக் குழுவுக்குத்தான். 1872இல் வேட்பாளர் ஹொரேஸ் கிரீலி தோற்ற கையோடு, தேர்வாளர்கள் (மக்கள் வாக்குப்படி ஜனாதிபதியை முறைப்படி தேர்ந்தெடுப்பவர்கள்) வாக்களிக்குமுன் இறந்துபோனார். அவருக்குரிய 66 தேர்வாளர்களில் பெரும்பாலானோர் வேறு சிலர் பக்கம் சிதறினார்கள். மூன்று பேர் மட்டும் இறந்தவருக்கே வாக்களித்தார்கள். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

யார் கூடி முடிவெடுப்பது என்பதைத்தான் விதி சொல்லும். கூடியவர்கள் யாரைப் பிடிப்பார்கள் என்பதை நாங்கள் இங்கே இலங்கையிலேயே பார்த்தோம். 1994 ஒக்டோபர் 24, நள்ளிரவு தாண்டிய நேரம். கொழும்பில் தொட்டலங்கவில் நடந்த, யானைச் சின்னக் கட்சியான ஐக்கிய தேசியக் கட்சியின் கூட்டத்தில் தற்கொலைக் குண்டு வெடித்தது. அக்கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர் காமினி திசாநாயக்கவோடு ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். கொழும்புத் தமிழருக்கு அரசியல் யோசிக்க நேரமில்லை. சோதனையில் மாட்டிக்கொள்ளாதிருக்க, கடைக்குப் போவதென்றாலும் அடையாள அட்டை சட்டைப்பையில் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டுத்தான் வாசற்படி இறங்குவோம்.

வாக்களிப்புக்கு 16 நாள்தான் இருந்தது. எதிர்க்கட்சித் தலைவர் பதவிக்குக் காமினியோடு போட்டியிட்டுச் சில வாக்குகளில் தோற்ற ரணில் விக்கிரமசிங்க கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார். கட்சியோ காமினியின் மனைவி சிறிமாவை நிறுத்தியது. அவர் சட்டத்தரணி, கெட்டிக்காரர்தான். ஆனால் அன்று அவர்களுக்குத் தேவைப்பட்டது அவருடைய கெட்டித்தனம் அல்ல, வெள்ளைச் சேலை. கணவரைப் பறிகொடுத்து இரண்டு வாரம் ஆகாத பெண்ணின் பெயரில் வாக்குக் கேட்டார்கள். எனக்கு அது இன்றைக்கும் கசப்புத்தான்.

நவம்பர் 9 அன்று குறித்தபடி தேர்தல் நடந்தது. எதிர்த்து நின்ற சந்திரிகா குமாரதுங்கவுக்கு 62.28 வீதம், சிறிமாவுக்கு 35.91 வீதம். சந்திரிகாவும் கணவரைச் சுட்டுக்கொல்லக் கொடுத்தவர்தான். ஆனால் அவர் ஏற்கெனவே பிரதமர், சமாதானம் பேசுவேன் என்று சொல்லி வந்தவர். அனுதாப அலை அடிக்கும் என்று கணக்குப் போட்டவர்கள் இதை யோசித்ததாகத் தெரியவில்லை.

ரணிலை நிறுத்தியிருந்தால் வென்றிருப்பாரா? மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். இருந்தும் அவரைத்தான் நிறுத்தியிருக்க வேண்டும் என்பேன். அம்மா இதை ஒத்துக்கொள்வதில்லை. ஞாயிற்றுக்கிழமை பேசும்போது அவளிடம் கேள், அரை மணி நேரம் சொல்வாள்.

அன்புடன்,
அப்பா