ஓட்டு போட்டு ஏத்தினவங்களுக்கே இறக்குற உரிமையும் வேணும்

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம். ஊராட்சி தலைவர, ஓட்டு போட்ட ஜனங்களே பதவிய விட்டு இறக்குற உரிமை வேணும்னு கேட்டுத்தான் இத எழுதுறேன்.

உத்திரமேரூர் பக்கத்துல ஒரு சின்ன ஊராட்சிதான் எங்க ஊர். எங்க பக்கம் 2021 அக்டோபர்ல உள்ளாட்சி தேர்தல் நடந்துச்சு, நானும் வெயில்ல வரிசையில நின்னு இப்ப இருக்குற தலைவருக்குத்தான் ஓட்டு போட்டேன். முதல் ரெண்டு வருஷம் குறை சொல்ல முடியாது. அப்புறம் அவர் குடும்பத்தோட டவுனுக்கு குடி போயிட்டார், ஊர் பக்கம் வர்றதே அபூர்வம் ஆயிடுச்சு. டேங்க் மோட்டார் எரிஞ்சு மூணு மாசம் கிடந்துச்சு, பொம்பளைங்க நாங்க குடத்த தூக்கிக்கிட்டு கழனி பம்ப்செட்டுக்கு நடந்தோம். அக்டோபர் 2 கிராம சபையில வரவு செலவ படிங்கன்னு கேட்டா அடுத்த கூட்டத்துல பாக்கலாம்னாங்க, அடுத்த கூட்டமும் அப்படியே போச்சு.

கடைசியில வீடு வீடா போய் 412 பேர்கிட்ட கையெழுத்து வாங்கி திங்கக்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு எடுத்துட்டு போனோம். அங்க மனு வாங்கினவர் பொறுமையா படிச்சு பாத்துட்டு, "ஜனங்க கையெழுத்து போட்டு தலைவர எடுக்க சட்டத்துல வழி இல்லம்மா, தண்ணி பிரச்சனைய மட்டும் தனியா எழுதிக் குடுங்க"ன்னார். அவர் மேல தப்பு இல்ல, உள்ளத சொன்னார். ஆனா எனக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல.

அதுக்கப்புறம் தெரிஞ்ச வக்கீல் தம்பிகிட்ட கேட்டேன். 1994 ஊராட்சிகள் சட்டத்துல 205வது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. தலைவர பதவியில இருந்து எடுக்குற அதிகாரம் கலெக்டர்கிட்டதான். அவரா ஆரம்பிக்கலாம், இல்லன்னா உறுப்பினர்கள்ல மூணுல ரெண்டு பங்கு பேர் எழுதிக் குடுக்கணும், விளக்கம் கேப்பாங்க, தாசில்தார் வந்து ஊராட்சி கூட்டம் போட்டு உறுப்பினர்கள் கருத்த கேப்பார், அப்புறம் கலெக்டர் முடிவெடுப்பார். இத்தன பேர் வர்றாங்களே, இதுல ஓட்டு போட்ட ஜனங்க எங்கயாவது வர்றாங்களா? தலைவர நேரடியா தேர்ந்தெடுத்தது நாங்க, உறுப்பினர்கள் இல்லையே. டவுன்லயும் இதே கததான், காஞ்சிபுரம் மாநகராட்சியில 2024 ஜூலைல மேயர் மேல நம்பிக்கையில்லா தீர்மானம்னு கூட்டம் போட்டாங்க, கவுன்சிலர்கள் வராததால அது அப்படியே விழுந்துச்சு. வீட்ல உக்காந்து டிவி பாத்துட்டு இருந்த வாக்காளருக்கு அதுல ஒரு வேலையும் இல்ல.

வேற மாநிலத்துல இது நடந்திருக்குதுங்க. மத்தியப் பிரதேசத்துலயும் சத்தீஸ்கர்லயும் நகராட்சி தலைவர ஜனங்களே திரும்ப அழைக்க, அதாவது பதவிய விட்டு இறக்க, சட்டத்துல வழி வச்சாங்க. கவுன்சிலர்கள்ல நாலுல மூணு பங்கு பேர் கையெழுத்து போட்டா, கலெக்டர் அத சரிபார்ப்பார், அதுக்கப்புறம் ஊரே ரகசிய ஓட்டு போடும். சின்னம் என்ன தெரியுமா, ஒரு பக்கம் காலி நாற்காலி, இன்னொரு பக்கம் ஆள் உக்காந்த நாற்காலி. படிக்கத் தெரியாத பாட்டிக்கும் புரியும். சத்தீஸ்கர்ல 2008ல மூணு ஊர் தலைவருங்கள இப்படி ஓட்டு போட்டே இறக்கிட்டாங்க. 2020ல ஹரியானாவுல பஞ்சாயத்து தலைவருக்கும் இந்த சட்டம் கொண்டு வந்தாங்க, ரகசிய ஓட்டுல மூணுல ரெண்டு பங்கு எதிரா விழுந்தா பதவி போயிடும்.

எம்எல்ஏ, எம்பிக்கும் இது வேணும்னு 1974லயே சோசலிச தலைவர் ஜெயப்பிரகாஷ் நாராயண் கேட்டார், நியாயமான கோரிக்கைதான். ஆனா லட்சக்கணக்குல ஓட்டு இருக்குற தொகுதியில தோத்த கட்சி பணத்த இறக்கி கையெழுத்து வாங்க ஆரம்பிச்சிடும்னு எனக்கு பயம். பிரிட்டன்ல அதுக்குத்தான் காரணத்த சட்டத்துலயே எழுதி வச்சிருக்காங்க, எம்பி ஜெயிலுக்கு போனா, சபையில குறைஞ்சது பத்து நாள் சஸ்பெண்ட் ஆனா, செலவு கணக்குல பொய் சொன்னா மட்டும்தான் மனு ஓப்பன் ஆகும், ஆறு வாரத்துல தொகுதியில 10 சதவீதம் பேர் கையெழுத்து போட்டா சீட் காலி. 2019ல பீட்டர்பரோ தொகுதியில முதல் தடவையா அப்படி ஒரு எம்பி பதவி போச்சு. கிராமத்துல ஒருத்தர ஒருத்தருக்கு தெரியும், அதனால இங்க இருந்து ஆரம்பிக்கலாம்னு சொல்றேன்.

இதுல எனக்கு ஒரு பெரிய கவலை இருக்கு, அத மறைக்க விரும்பல. மதுரை மாவட்டம் மேலவளவுல தலித்தான முருகேசன் ஊராட்சி தலைவரா ஜெயிச்சதுக்காகவே 1997ல அவரையும் கூட வந்தவங்களையும் வெட்டிக் கொன்னாங்க. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்காச்சியேந்தல் ஊராட்சிகள்ல தலித்துகளுக்கு ஒதுக்கின தனித் தொகுதிங்கறதால 2006 வரைக்கும் தேர்தலே நடத்த விடல, நடந்தாலும் ஜெயிச்சவர உடனே ராஜினாமா பண்ண வச்சாங்க. அப்படிப்பட்ட ஊர்ல மெஜாரிட்டி சாதிக்காரங்க கையில இந்த உரிமைய அப்படியே குடுத்தா, நல்லா வேலை பாக்குற தலித் தலைவரையும் பெண் தலைவரையும் முதல் நாளே இறக்கிடுவாங்க. அதனால காரணம் இல்லாம மனு ஏத்துக்கவே கூடாது. கிராம சபைய கூட்டல, கணக்கு காட்டல, ஊர் பணத்த எடுத்துட்டார், இந்த மாதிரி ஆவணம் வச்சு நிரூபிக்கிற காரணம் இருக்கணும், அத வெளி மாவட்ட அதிகாரி ஒருத்தர் முதல்ல விசாரிக்கணும். பதவிக்கு வந்து ரெண்டு வருஷம் கழிச்சு ஒரே ஒரு தடவைதான் அனுமதிக்கணும், காலியான இடத்துக்கு அதே இட ஒதுக்கீட்டுலதான் மறுபடி தேர்தல் நடக்கணும்.

கணக்கு காட்டாதவன வெளிய நிறுத்துறது எங்க மண்ணுக்கு புதுசில்ல. எங்க உத்திரமேரூர் கல்வெட்டுல, பராந்தக சோழன் காலத்துலயே, வாரியத்துல, அதாவது ஊர் கமிட்டியில, இருந்துட்டு கணக்கு குடுக்காதவனும் அவன் சொந்தக்காரனும் குடவோலைக்கு நிக்க முடியாதுன்னு வெட்டி வச்சிருக்காங்க. குற்றம் செஞ்சவன அப்பவே நீக்கணும்னும் இருக்கு. அன்னைக்கு அந்த சபையில எங்கள மாதிரி ஆளுங்களுக்கு இடம் இருந்திருக்காது, அதுவும் தெரியும். இன்னைக்கு ஓட்டு இருக்கே.

அடுத்த உள்ளாட்சி தேர்தலுக்கு ஓட்டு கேட்டு எந்த கட்சி வந்தாலும் எங்க தெருவுல நாங்க இந்த உரிமைய கேக்கப் போறோம். உங்க நிருபர்களும் எல்லா கட்சித் தலைவருங்ககிட்டயும் இந்த ஒரு கேள்விய கேட்டு, அவங்க சொல்ற பதில அப்படியே பேப்பர்ல போடுங்க ஐயா.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
காஞ்சிபுரம் மாவட்டம்