அம்முவுக்கு, பாதியில் நிறுத்திய புத்தகம் பற்றி

அம்மு,

நீ அலமாரியில் விட்டுப்போன 'தி டூ டவர்ஸ்', அதான் டோல்கீனின் 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' இரண்டாம் பாகம், படித்து முடித்துவிட்டேன். மோதிரத்தை அழிக்கப் போகும் ஃப்ரோடோவும் துணைக்குப் போகும் சாமும் மொட்டைப் பாறைகளுக்கு நடுவே இறங்க வழி தெரியாமல் சுற்றும் இடத்தில், சரியாகப் பாதியில், ஒரு பஸ் டிக்கெட்டைச் செருகி வைத்திருக்கிறாய். போனில் கேட்டால் "நடக்குறாங்க, நடக்குறாங்க, நடந்துக்கிட்டே இருக்காங்கம்மா, அதான் படம் பார்த்தாச்சே" என்கிறாய். படம் பார்த்தது போதாது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முன்பாதி விறுவிறுப்புதான், இல்லை என்று சொல்லவில்லை. கூட்டாளி போரோமிர் சாவது, ஓர்க்கு என்கிற அரக்கர்களைத் துரத்திக்கொண்டு அரகார்னோடு மூன்று பேர் ஓடுவது, நடக்கிற மரங்கள், ஹெல்ம்ஸ் டீப் கோட்டைச் சண்டை என்று 11 அத்தியாயம் ஓடுகிறது, ஒன்றில்கூட ஃப்ரோடோ தலைகாட்டுவதில்லை. படத்தில் இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் என்று மாற்றி மாற்றிக் காட்டிவிடுகிறார்கள். புத்தகத்திலோ அரகார்னுக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் நமக்கும் தெரியும். ஃப்ரோடோ இருக்கிறானா இல்லையா என்ற சேதி இல்லாமலே இவர்கள் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நீ போன் எடுக்காத நாட்களில் இங்கே சமையல் நடக்கவில்லையா, அப்படித்தான்.

இதை நடுப் புத்தகம் என்று டோல்கீன் எழுதவே இல்லை தெரியுமா? அவருக்கு எல்லாம் ஒரே நாவல். அவ்வளவு பெரிய புத்தகத்தை ஒன்றாகப் போட்டால் கட்டுப்படியாகாது என்று பதிப்பகம்தான் மூன்றாக வெட்டியது. முதல் பாகம் 1954 ஜூலையில், இது அதே வருடம் நவம்பரில், மூன்றாவது 1955 அக்டோபரில். அதாவது ஃப்ரோடோ எதிரி கையில் சிக்கிய இடத்தில் விட்டுவிட்டு, வாசகர்களை 11 மாதம் காக்க வைத்திருக்கிறார்கள். கல்கி வாரப் பத்திரிகையில் 'தொடரும்' போட்ட காலத்தில் ஒரு வாரம் பொறுக்க மாட்டாள் உன் பாட்டி, அவளிடம் இதைச் செய்திருக்க வேண்டும்.

நீ படிக்காத பின்பாதியை அவர் எழுதியது 1944-ல், இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது. மகன் கிறிஸ்டோபர் விமானப்படைப் பயிற்சிக்காகத் தென்னாப்பிரிக்காவில் இருந்தான். அத்தியாயம் முடிய முடிய அதை அவனுக்கு அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறார். போரோமிரின் தம்பி ஃபாரமிர் வந்ததைக்கூட, நான் கூப்பிடவில்லை, அவனாகவே கதைக்குள் வந்துவிட்டான் என்கிற மாதிரி மகனுக்கு எழுதியிருக்கிறார். இது தெரிந்த பிறகு அந்தப் பக்கங்களை என்னால் சாதாரணமாகப் படிக்க முடியவில்லை.

சாம் முயல் சமைக்கும் இடம் ஒன்று போதும். மூட்டைக்கு அடியில் ஒரு சின்ன மரப்பெட்டி, அதில் தீர்ந்துகொண்டே வரும் கொஞ்சம் உப்பு. அதை வீட்டிலிருந்து அத்தனை தூரம் சுமந்து வந்திருக்கிறான். வழிகாட்டியாகக் கூட வரும் கோல்லம் என்கிற பிராணி பிடித்து வந்த முயலை, கிடைத்த இலை தழை போட்டு வேகவைக்கிறான், கோல்லம் பச்சையாகத் தின்னாமல் பாழாக்குகிறாயே என்று புலம்புகிறது. சரி, சாப்பிட்டாயிற்று. அடுப்பைச் சரியாக அணைக்கவில்லை, புகை கிளம்பி ஃபாரமிரின் ஆட்களிடம் மாட்டிக்கொள்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் தெற்கிலிருந்து வந்த எதிரி வீரன் ஒருவன் அம்பு பட்டு சாமின் பக்கத்திலேயே வந்து விழுகிறான். இவன் பேர் என்ன, எந்த ஊர், நிஜமாகவே கெட்டவனா, இல்லை யாரோ பொய் சொல்லியோ மிரட்டியோ இவ்வளவு தூரம் கூட்டி வந்தார்களா, வீட்டிலேயே இருந்திருக்க மாட்டானா என்று சாம் யோசிக்கிறான். எழுதியவர் 1916-ல், முதல் உலகப் போரில், பிரான்ஸின் சோம் போர்முனையில் இருந்தவர். ஹெல்ம்ஸ் டீப் முழுவதையும் விட எனக்கு இந்த ஒரு பத்தி பெரிது.

அப்புறம் ஃபாரமிர். படத்தில் மோதிரத்துக்கு ஆசைப்பட்டு இருவரையும் ஊருக்கு இழுத்துக்கொண்டு போகிறானே, புத்தகத்தில் அப்படி இல்லை. வழியில் கிடந்தாலும் எடுக்க மாட்டேன் என்கிறான். படத்தை வைத்து அவனை எடை போட்டிருந்தால் மாற்றிக்கொள்.

பார்சலில் பருப்புப்பொடிக்குக் கீழே புத்தகம் இருக்கிறது, பஸ் டிக்கெட்டை இருந்த இடத்திலேயே விட்டிருக்கிறேன். மூன்றாம் பாகம் என்னிடம்தான் இருக்கும், நீயாகக் கேட்டால்தான் அனுப்புவேன்.

அம்மா