விக்கித்தரவில் கேள்வி கேட்க வருபவர்களுக்காக ஒரு திறந்த மடல்

எல்லாரும் சேர்ந்து தொகுக்கும் திறந்த தரவுத்தளமான விக்கித்தரவில், கேள்வி கேட்டு விடை பெற உதவும் வினவல் கருவிகளை உருவாக்குகிறவர்களுக்கும், அதில் தமிழுக்காக உழைக்கும் விக்கிமீடியர்களுக்கும் வணக்கம்.

2012 அக்டோபரில் தொடங்கிய விக்கித்தரவில் இன்று ஆள், ஊர் என்று ஒவ்வொன்றுக்கும் தனி எண்ணோடு பத்து கோடிக்கும் மேற்பட்ட உருப்படிகள் இருக்கின்றன. காசு கொடுக்காமல், யாரிடமும் அனுமதி கேட்காமல், யார் வேண்டுமானாலும் அதில் தேடலாம். இப்படி ஒரு பொதுச் சொத்தைக் கட்டி எழுப்பியதற்கு முதலில் மனமார்ந்த நன்றி. ஆனால் நூலகர், பள்ளி ஆசிரியர், உள்ளூர் வரலாறு எழுதுபவர் என்று இதனால் அதிகம் பயனடைய வேண்டியவர்கள் இன்னும் வாசலிலேயே நிற்கிறார்கள். அதில் கேள்வி எழுதப் பயன்படும் ஸ்பார்க்கிள் என்ற குறிமொழியைக் கற்றுக்கொண்டு வாருங்கள் என்று அவர்களிடம் சொல்வது நியாயமில்லை.

இசை ஆசிரியர் ஒருவர் "தஞ்சாவூர் மாவட்டத்தில் பிறந்த இசைக் கலைஞர்கள் யார் யார்?" என்று கேட்பதாக வைத்துக்கொள்வோம். உருப்படிகளைப் பற்றிச் சொல்லும் ஒவ்வொரு பண்புக்கும் விக்கித்தரவில் ஓர் எண் உண்டு: பிறந்த இடம் பி19, தொழில் பி106, ஓர் ஊர் எந்த நிர்வாகப் பகுதிக்குள் வருகிறது என்பது பி131. இவ்வளவும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஊரிலிருந்து வட்டம், வட்டத்திலிருந்து மாவட்டம் என்று மேலே ஏறிப்போக, பி131-ஐ ஒட்டி ஒரு நட்சத்திரக் குறியும் போட வேண்டும். அதை மறந்தால் பிழைச் செய்தி எதுவும் வராது. மாவட்டத்தோடு நேரடியாக இணைக்கப்பட்ட ஊர்களில் பிறந்தவர்கள் மட்டும் பட்டியலில் வருவார்கள். அதையே முழுப் பட்டியல் என்று நம்பி அவர் வகுப்புக்கு எடுத்துப்போவார்.

குறிமொழி எழுதாமல், பெட்டிகளில் தேர்ந்தெடுத்தே வினவலை அமைக்கும் கருவியை 2021இல் கொண்டுவந்தீர்கள். நல்ல வேலை. இந்த முயற்சிக்கு நீண்ட வரலாறும் உண்டு. 1974இல் சேம்பர்லினும் பாய்ஸும் ஐபிஎம் நிறுவனத்தில், தரவுத்தளங்களில் கேள்வி கேட்கப் பயன்படும் எஸ்கியூஎல் மொழியின் முன்வடிவத்தை வெளியிட்டபோதே, நிரலர் அல்லாதவர்களும் பயன்படுத்த வேண்டும் என்பது நோக்கமாக இருந்தது. அதே பத்தாண்டில், அதே நிறுவனத்தில், மோஷே ஸ்லூஃப் வெற்று அட்டவணையில் மாதிரி மதிப்புகளை நிரப்பிக் கேட்கும் முறையை உருவாக்கினார். கேட்பதை எளிதாக்க ஐம்பது ஆண்டுகளாக எல்லாரும் உழைத்திருக்கிறார்கள். கிடைத்த விடையைச் சரிபார்ப்பதை எளிதாக்க அந்த அளவுக்கு யாரும் உழைக்கவில்லை என்பதுதான் என் வருத்தம்.

அந்த இசை ஆசிரியரின் கேள்விக்கே வருவோம். நட்சத்திரக் குறியெல்லாம் சரியாகப் போட்டாயிற்று. ஆனாலும் தியாகராஜர், முத்துசுவாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரி மூவரும் பட்டியலில் இல்லாமல் போகலாம். மூவரும் பிறந்தது திருவாரூரில். பழைய தஞ்சை மாவட்டத்திலிருந்து 1991இல் நாகப்பட்டினம் பிரிந்தது. 1997இல் திருவாரூர் தனி மாவட்டமானது. மும்மூர்த்திகள் பிறந்த காலத்திலோ திருவாரூர் மராத்தியர் ஆண்ட தஞ்சை அரசின் பகுதி. கேட்டவர் மனத்தில் இருப்பது பழைய தஞ்சை, கருவி எடுத்துக்கொள்வது இன்றைய எல்லை. இந்த இடைவெளியைத் திரையில் எதுவும் அவருக்குச் சொல்வதில்லை.

பிறந்த ஊர் பதிவாகாதவர்கள் சத்தமில்லாமல் விடுபடுகிறார்கள். பாடகர், வீணைக் கலைஞர் என்று இரண்டு தொழில் பதிவான ஒருவர் இரண்டு வரிகளில் வரக்கூடும். வரிகளை எண்ணிப் பார்த்தால் கணக்கே தவறிவிடும்.

இப்போது செயற்கை நுண்ணறிவிடம் சொன்னால் அது வினவலை எழுதித் தருகிறது. தமிழிலேயே கேட்கலாம் என்பது பெரிய வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் உருப்படி எண்ணில் ஓர் இலக்கம் மாறினால்கூட அது முற்றிலும் வேறொரு பொருளைக் குறிக்கும், வினவலும் தடையில்லாமல் ஓடும். குறிமொழி படிக்கத் தெரியாதவர் இதை எப்படிக் கண்டுபிடிப்பார்?

அதனால் உருவாக்குநர்களிடம் என் வேண்டுகோள் இது. ஒவ்வொரு விடைக்கும் மேலே, கருவி கேள்வியை எப்படிப் புரிந்துகொண்டது என்பதைக் கேட்டவரின் மொழியிலேயே எழுதிக் காட்டுங்கள்: "இன்றைய தஞ்சாவூர் மாவட்ட எல்லைக்குள் உள்ள ஊர்களில் பிறந்ததாகப் பதிவானவர்கள், பாடகர் முதலிய துணை வகைகளும் சேர்க்கப்பட்டுள்ளன." அப்புறம், பிறந்த இடம் பதிவாகாததால் எத்தனை பேரைக் கணக்கில் எடுக்க முடியவில்லை என்பதையும் அதன் அருகில் காட்டுங்கள். அறுபது நொடி வரம்பைத் தாண்டி வினவல் நின்றுபோனால், எந்த நிபந்தனையைச் சுருக்கினால் ஓடும் என்று சொல்லுங்கள். பாமரருக்குப் புரியாத பிழைச் செய்தியை அப்படியே கொட்ட வேண்டாம்.

தமிழ் விக்கிமீடியர்களே, உங்களால் மட்டுமே ஆகும் வேலை ஒன்று உண்டு. உருப்படிகளுக்கும் பண்புகளுக்கும் தமிழ்ப் பெயர், ஒரு வரி விளக்கம், மாற்றுப் பெயர்கள் மூன்றையும் சேர்த்துக்கொண்டே இருங்கள். தஞ்சை என்று தேடினாலும் தஞ்சாவூர் கிடைக்க வேண்டும். நகரம் எது, மாவட்டம் எது என்று விளக்கத்தைப் பார்த்தே பிரித்தறிய முடிய வேண்டும். பாடகர், நாதஸ்வரக் கலைஞர், தவில் கலைஞர் போன்ற தொழில்களிலிருந்தே தொடங்கலாம். தமிழ்ப் பெயர் இல்லாத இடத்தில் ஆங்கிலப் பெயரோ வெறும் எண்ணோதான் வருகிறது. எவ்வளவு நல்ல கருவி வந்தாலும், அந்த இடத்தில் நம் ஆசிரியரால் எதையும் தேர்ந்தெடுக்க முடியாது.