பாப்பாவுக்கு, தொண்டை விஷயமாக

அன்புள்ள பாப்பா,

ஞாயிற்றுக்கிழமை நீ அப்பாவிடம் பேசியபோது நான் அடுப்படியில்தான் நின்றேன். உன் குரல் கம்மியிருந்தது. கத்திக் கம்மியதா, வேறெதனாலுமா என்று அப்பாவுக்குக் கேட்கத் தெரியவில்லை. அம்மாவிடம் கொடுங்கள் என்று நீயும் சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

முதல் மாதத்தில் எல்லா டீச்சருக்கும் தொண்டை போகும். பிள்ளைகள் சத்தத்துக்கு மேலே நாம் சத்தம் போடுவதால் வருவது. நாற்பத்தெட்டுப் பேரை ஒரு தொண்டையால் அடக்க முடியாது. உள்ளே போனதும் பேசாதே. மேசைக்கு முன்னால் வந்து நின்று கடைசி பெஞ்சைப் பார். மனசுக்குள் இருபது எண்ணு. அடங்கியபின் சன்னமாக ஆரம்பித்தால் கேட்பதற்காகவே இன்னும் அடங்குவார்கள். போர்டைப் பார்த்துக்கொண்டு பேசாதே. குரல் சுவரில் போய் முட்டும், பின்வரிசைக்குக் கேட்காது, நீ இன்னும் கத்துவாய். எழுதி முடி, திரும்பு, அப்புறம் பேசு. கம்மிய நாளில் கிசுகிசுவென்று பேசி ஒப்பேற்றலாம் என்று நினைக்காதே, அது தொண்டையை இன்னும் இறுக்கும். ஒரு டம்ளர் வெதுவெதுத் தண்ணீரில் அரை ஸ்பூன் உப்பு போட்டுக் காலையும் ராத்திரியும் கொப்பளி. மூன்று வாரம் தாண்டியும் கரகரத்தால் ஈஎன்டி டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும்.

சாக்பீஸ் தூளும் ஒரு காரணம். டஸ்டரால் தட்டாதே. சாயங்காலம் பிள்ளைகள் போனபின் ஈரத்துணியால் துடைத்துவிடு. காலையில் துடைத்தால் காய்வதற்குள் மணி அடித்துவிடும், ஈரப் போர்டில் எழுத்து பிடிக்காது. சாக்பீஸ் கிறீச்சிட்டால் மூன்றில் ஒரு பங்கை ஒடித்துவிட்டுச் சாய்த்துப் பிடி. நீளமாக இருந்தால்தான் அது அதிர்ந்து கத்தும்.

நீ நிற்கிற அதே வராந்தாவில்தான் நான் 1989-இல் நின்றேன். முதல் வேலை, வெள்ளைச் சேலை சிஸ்டர்கள், கேட்டுப் பக்கத்து வாதாமரம் எல்லாம் நீ சின்னதிலேயே கேட்டு அலுத்த கதை. அந்தப் பள்ளிக்கூடத்தின் ஓட்டத்தை மட்டும் சொல்கிறேன். மத்தியானம் பன்னிரண்டுக்கு மூவேளை ஜெபத்துக்கு மணி அடிக்கும். நமக்கு ஜெபம் தெரிய வேண்டியதில்லை, எழுந்து நின்றால் போதும். ஆனால் ஐந்து நிமிஷம் முன்னாலேயே கணக்கை முடித்துவிடு. பாதியில் விட்டதை மறுபடி பிடிக்கப் பத்து நிமிஷம் போகும். மறைக்கல்விக்கும் நன்னெறிக்கும் பிள்ளைகளைப் பிரிக்கும்போது யார் யார் கத்தோலிக்கர் என்று வகுப்பில் கேட்காதே. ஆபீஸில் லிஸ்ட் இருக்கும், பெயரை மட்டும் வாசி. விபூதி வைத்த என்னிடம் அந்தச் சிஸ்டர்கள் ஒரு நாளும் ஒன்றும் கேட்டதில்லை. ரிஜிஸ்டரில் தப்பாகப் போட்டுவிட்டால் சுரண்டாதே, வெள்ளை மை பூசாதே. ஒரே கோடு அடித்து, சரியானதை மேலே எழுதி, சுருக்கொப்பம் வை.

ஜூலை 26 பனிமய மாதா கோயிலில் கொடியேறினால் ஆகஸ்ட் 5 திருவிழா வரைக்கும் வருகை குறையும். அந்த நாட்களில் புதுப்பாடம் எடுக்காதே, பின்னத்தைத் திரும்ப நடத்து. 1/2-உம் 1/3-உம் கூட்டி 2/5 என்று பாதி வகுப்பு எழுதும். மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டுகிறார்கள். விதியை மறுபடி ஒப்பிக்காதே. 12 செ.மீ. நீளத்தில் மூன்று காகிதப் பட்டை வெட்டிக் கொடு. ஒன்றைப் பாதியாக மடித்தால் 6. இன்னொன்றை மூன்றாக மடித்தால் 4. மடித்த இரண்டையும் முழுப் பட்டைமேல் அடுத்தடுத்து வைத்தால் 10. பன்னிரண்டில் பத்து, அதாவது 5/6. பிறகு கேள்: 2/5 பாதியைவிடக் குறைவாச்சே, பாதியோடு ஒன்றைக் கூட்டினால் குறையுமா? கேட்டுவிட்டு நீ பேசாமல் நில். தொண்டைக்கும் நல்லது.

விசைப்படகு வீட்டுப் பிள்ளைகளை ஜூனில் நோட்டுக்கும் ஷூவுக்கும் நெருக்காதே. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பள்ளி திறக்கிற நேரத்தில்தான் அந்த வீடுகளில் கை காய்ந்திருக்கும். ஆனால் அப்பாக்கள் வீட்டில் இருப்பதும் அப்போதுதான், பார்த்துப் பேசிவிடலாம். இதெல்லாம் அடுத்த ஜூனுக்கு. அடுத்த ஜூனிலும் நீ அங்கே இருப்பாய் என்று எண்ணித்தான் எழுதுகிறேன்.

சித்தப்பா வீட்டு விஷயம் ஒருவழியாக முடிந்தது. ஆச்சிக்குக் கால் தேவலை.

பாப்பா, நீ வேண்டாம் என்று சொன்ன பிறகும் இன்டர்வியூவுக்கு முந்தின ராத்திரி உன் பள்ளிக்கூடத்து மதருக்கு நான் போன் பண்ணினேன். என் மகள் வருகிறாள் என்று மட்டும் சொன்னதாக அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய். இதுவும் கிடைக்காவிட்டால் அவள் தாங்கமாட்டாள் என்று சொன்னேன். அது உன் காதுக்கு வந்துவிட்டது என்று நினைக்கிறேன். உன் டெமோ கிளாஸ் முடிந்த அன்றே மதர் கூப்பிட்டு, நீங்கள் பேசாவிட்டாலும் இந்தப் பெண்ணைத்தான் எடுத்திருப்போம் டீச்சர் என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனாலும் உன்னிடம் சொல்லவில்லை. அதைச் சொன்னால் போன் பண்ணியது தெரிந்துவிடுமே என்று, நீ கேட்க வேண்டிய ஒரு நல்ல வார்த்தையை இத்தனை நாள் நானே வைத்துக்கொண்டேன். நான் செய்தது தப்பு.

சனிக்கிழமை அப்பா வருகிறார். பனங்கற்கண்டு அரைக் கிலோவும் அதிமதுரம் ஒரு பொட்டலமும் கொடுத்தனுப்புகிறேன். பாலைக் காய்ச்சி இறக்கியபின் கற்கண்டைப் போடு, அடுப்பில் இருக்கும்போது போட்டால் திரிந்தாலும் திரியும். அப்பாவிடம் ரெண்டு வரி எழுதிக் கொடுத்துவிடு. தொண்டையைப் பற்றி மட்டும் எழுதினாலும் போதும்.

அம்மா